‘எக்கோ’ யாருடைய கட்டளை?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றை எழுத வேண்டும் என்று பலமுறை எண்ணி, ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டு வந்தேன். அதில் எனக்குள்ள பங்கு சொல்லிக்கொள்ளும்படியானது அன்று. அடுத்த மாதம் புதிய மாணவர்கள் சேரவிருக்கிறார்கள். அவர்கள் கையில் நான் கொடுக்கப்போகும் கட்டளைக் கையேடு ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பதை எங்காவது பதிந்துவைக்க வேண்டியிருப்பதால் இப்போது எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு. ஷெல் பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தருகிறேன்; பழகியவர்களுக்கு அவற்றை அடையாளம் காண்பதில் சிரமம் இராது.

நான் புனேவில் மழைப்பொழிவுத் தரவுகளில் ஆய்வு செய்கிறேன். எங்கள் வேலையின் பெரும்பகுதி பார்ப்பதற்கு அறிவியல் போலவே இராது. ஆயிரக்கணக்கான உரைக்கோப்புகளைத் திறந்து, வரிகளைச் சீர்செய்து, நிலைய எண், தேதி, மழையளவு என்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருவதிலேயே நாள்கள் கழியும். இதற்கு லினக்ஸ் முனையத்தில் பாஷ் என்னும் ஷெல்லைப் பயன்படுத்துகிறோம். இயற்பியலிலோ புவியியலிலோ முதுகலை முடித்து வருகிறவர்களுக்கு இது பெரும்பாலும் புதிது. அவர்களுக்காக, நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, ஒரு கையேடு எழுதினேன். 38 பக்கங்கள். கட்டளைகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும் தந்திருந்தேன். அகரவரிசையைத் தேர்ந்தேன் என்று சொல்வதுகூட மிகை. வேறு வரிசை ஒன்று இருக்கக்கூடும் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கையேட்டைப் பெற்றுக்கொண்டு சேர்ந்தவர்களில் ஒருவர் ஜார்க்கண்டின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். பள்ளிப்படிப்பு முழுவதும் இந்தி வழியில். என்னைத் ‘தீதி’ என்று அழைப்பார். ஒன்றைக் கேட்பதற்கு முன் மூன்று முறை யோசிப்பவர். அதனாலேயே அவர் கேள்விகள் கூர்மையாக இருக்கும். 118 மழைமானி நிலையங்களின் நாள்வாரித் தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பணி அவருக்குத் தரப்பட்டிருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக வேலை செய்துகொண்டு போனார். 87 நிலையங்கள் ஆய்வகத்தின் பழைய கணினியில் முடிந்தன. பிறகு அந்தக் கணினிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மீதி 31 நிலையங்களை, அதே நிரலைக் கொண்டு, புதிய சர்வரில் முடித்தார். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கிடைத்த கோப்புகளை எங்கள் இன்னொரு நிரல் வாங்கிச் சராசரி கண்டது. வட்டாரச் சராசரி மழை, நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. முடிவு ஓர் ஆய்வுச்சுருக்கமாகி ஒரு கருத்தரங்குக்குப் போயிற்று.

மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் அந்த 31 நிலையங்களும் சராசரியில் சேரவே இல்லை என்பது தெரியவந்தது. அவை அனைத்தும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் இருப்பவை. உலர்ந்த நிலையங்கள் எல்லாம் விடுபட்டால் சராசரி கூடாமல் என்ன செய்யும்? ஆய்வுச்சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம்.

காரணம் மிகச் சிறியது. நிரலில் ஒவ்வொரு வரியையும் எழுதியது ‘எக்கோ’ என்னும் கட்டளை. தனக்குக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. அதனுடன் ஒரு சிறுகோடும் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், பின்சாய்கோடும் ‘டி’யும் வருமிடத்தில் டேப் இடைவெளியை இடும். பாஷில் அப்படித்தான். பழைய கணினி ரெட் ஹேட் வழிவந்த லினக்ஸ். அங்கே ‘எஸ்ஹெச்’ என்று ஷெல்லை அழைத்தாலும் வருவது பாஷ்தான். புதிய சர்வர் டெபியன் வழிவந்தது. அங்கே ‘எஸ்ஹெச்’ என்பது டேஷ் என்னும் வேறொரு சிறிய ஷெல். டேஷின் ‘எக்கோ’வுக்குப் பின்சாய்கோட்டைப் புரிந்துகொள்ள எந்தக் குறியும் தேவையில்லை, எனவே அது ‘ஈ’ குறியைக் குறியாகவே பார்க்காமல், அதையும் அச்சிட வேண்டிய சொல்லாகக் கருதி வரியின் தொடக்கத்தில் எழுதிவிடும். ஆகவே ஒவ்வொரு நிலைய எண்ணுக்கும் முன்னால் ஒரு சிறுகோடும் ஓர் ‘ஈ’யும் ஒட்டிக்கொண்டன. அப்படியொரு நிலையம் பட்டியலில் இல்லாததால் சராசரி காணும் நிரல் அந்த வரிகளை ஓசையின்றித் தள்ளிவிட்டது. (அந்த நிரல் ஓசை எழுப்பியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அது ஆய்வகத்தின் மூத்தவர்கள் எழுதியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.)

வாராந்தரக் கூட்டத்தில் நெறியாளர் எட்டுப் பேர் முன்னிலையில் அந்த மாணவரிடம், ஒரு கட்டளையைப் பயன்படுத்துவதற்கு முன் அதன் கையேட்டைப் படிக்க வேண்டும் என்று தெரியாதா என்று கேட்டார். கடுமையாகக்கூடக் கேட்கவில்லை. சலிப்போடு கேட்டார், அது அதைவிட மோசம். மாணவர் தலைகுனிந்து நின்றார். நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது ஒன்று: அந்த ‘எக்கோ’ வரி, ‘ஈ’ குறியோடும் டேப்போடும், என் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த எடுத்துக்காட்டு. நிரலை ‘எஸ்ஹெச்’ என்று அழைத்து ஓட்டுமாறு சொன்னதும் என் கையேடுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் அடுத்த பொருளுக்கு நகர்ந்தது.

அன்றிரவு அவர் ஆய்வகத்துக்கு வந்தார். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். பிறகு, ‘தீதி, நான் படித்தேன்’ என்றார். ‘மேன் எக்கோ’ என்று முனையத்தில் தட்டிக் காட்டினார். கையேட்டின் பக்கம் திறந்தது. ‘ஈ’ குறி அங்கே இருந்தது; பின்சாய்கோட்டை விளக்கச் சொல்லும் குறி என்று தெளிவாகவே இருந்தது. அவர் சொன்னது உண்மை. கையேட்டைப் படித்து, கையேடு சொன்னபடியே செய்திருக்கிறார். நாங்கள் அந்தப் பக்கத்தைக் கீழே உருட்டிக்கொண்டே போனோம். குறிகள் முடிந்து, பின்சாய்கோட்டு வரிசைகளின் பட்டியலும் முடிந்த பிறகு ஒரு குறிப்பு: உங்கள் ஷெல்லுக்கென்று தனியே ஒரு ‘எக்கோ’ இருக்கலாம், பெரும்பாலும் அதுவே இங்கே விவரித்ததற்குப் பதிலாக இயங்கும், எனவே ஷெல்லின் ஆவணத்தைப் பார்க்கவும் என்ற பொருளில். அதாவது, நீங்கள் இதுவரை படித்தது நீங்கள் பயன்படுத்தப்போகும் கட்டளையைப் பற்றியதாக இல்லாமல் போகலாம் என்ற செய்தி, படித்து முடித்த பிறகு வருகிறது. அதைத் தமக்குப் பொருந்தாத அடிக்குறிப்பு என்று எண்ணிக் கடந்துவிட்டதாகச் சொன்னார். நானும் எத்தனையோ முறை அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

அந்த ஒன்பதாம் பக்கம் என்னுடையது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ‘தெரியும், தீதி’ என்றார். கூட்டத்தில் நின்றபோதே அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் சொல்லவில்லை. என் மௌனமும் அவர் மௌனமும் ஒன்றல்ல.

அடுத்த வாரக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். அதை நீட்டி எழுத விருப்பமில்லை. நெறியாளர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அப்படியானால் கையேட்டைத் திருத்து என்றார். மாணவரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அது போதுமானதாக இருந்ததா என்று சொல்லவேண்டியவர் அவர்தான். அவர் ஊருக்குப் போகவில்லை.

கையேட்டைத் திருத்துவது ஒருநாள் வேலை என்று நினைத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. மாற்றவும் செய்தேன். பிறகு அவர் எடுத்துக்காட்டிய இன்னொன்று என் உறக்கத்தைக் கெடுத்தது. சேர்ந்த முதல் வாரத்தில், கோப்பிலிருந்து வரிவரியாக வாங்கும் ‘ரீட்’ கட்டளையைப் பற்றி அறிய ‘மேன் ரீட்’ என்று தட்டியிருக்கிறார். திறந்தது சி மொழியில் எழுதுவோருக்கான, இயங்குதளத்தின் ‘ரீட்’ அழைப்பைப் பற்றிய பக்கம். இரண்டு நாள் அதைப் படித்துக்கொண்டிருந்தாராம். ‘ஃபைல் டிஸ்கிரிப்டர்’ என்றால் என்ன என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறார். தமக்குத்தான் புரியவில்லை என்று எண்ணிக்கொண்டு, என்னிடம் வராமல் இருந்திருக்கிறார். நான் சோதித்துப் பார்த்தேன். எங்கள் சர்வரில் ‘யூலிமிட்’, ‘எக்ஸிட்’, ‘வெயிட்’, ‘எக்ஸெக்’ எல்லாமே இப்படித்தான்: ஷெல்லின் கட்டளையைக் கேட்டால் அதே பெயருள்ள சி மொழிச் செயல்கூற்றின் பக்கம் வருகிறது. ‘சிடி’யைக் கேட்டால் அப்படியொரு பக்கமே இல்லை என்று பதில். நாளொன்றுக்கு நூறு முறை தட்டும் கட்டளைக்கு!

ஏன் இப்படி? ஷெல்லில் நாம் தட்டும் பெயர்களில் பெரும்பாலானவை வட்டில் தனிக் கோப்பாக இருக்கும் நிரல்கள். அவற்றுக்குத் தனித்தனிக் கையேட்டுப் பக்கம் உண்டு. ஆனால் பாஷில் ஏறத்தாழ 60 கட்டளைகள் ஷெல்லுக்குள்ளேயே அமைந்தவை. அவற்றுக்குத் தனிக் கோப்பு இல்லை. இருந்தாலும் ஷெல் அதைத் தேடிப்போவதில்லை. அவற்றின் விளக்கம் ஷெல்லின் கையேட்டுக்குள் இருக்கிறது. தட்டுகிறவருக்கோ இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இல்லை.

உள்ளமைந்த கட்டளை என்னும் இந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்று டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸின் வளர்ச்சி பற்றிய தம் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். தொடக்கக் கால யூனிக்ஸில் கோப்புறை மாற்றும் ‘சிஹெச்டிஐஆர்’ ஒரு சாதாரணக் கட்டளை. பிறகு ‘ஃபோர்க்’ வந்தது: ஒவ்வொரு கட்டளையையும் இயக்க, ஷெல் தன்னைப்போல ஒரு சேய் நிரலைப் பிறப்பித்து அதனிடம் வேலையை ஒப்படைக்கும். எல்லாம் நன்றாக நடக்க, கோப்புறை மாற்றும் கட்டளை மட்டும் வேலை செய்யவில்லை. பிழை எங்கே என்று நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தார்களாம். பிழை எங்கும் இல்லை. சேய் நிரல் ஒழுங்காகத் தன் கோப்புறையை மாற்றிக்கொண்டு, அத்துடன் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. தாய் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே அந்தக் கட்டளையை ஷெல்லே தனக்குள் செய்துகொள்ளும்படி மாற்றினார்கள்.

1971 நவம்பரில் தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. ‘சிஹெச்டிஐஆர்’ மற்றக் கட்டளைகளோடு அகரவரிசையில், தனக்கென ஒரு பக்கத்தோடு நிற்கிறது. அந்தப் பக்கத்திலேயே, கட்டளைகள் புதிய நிரலாக இயங்குவதால் இதைச் சாதாரணக் கட்டளையாக எழுதினால் பயனில்லை, எனவே ஷெல்லே இதை அறிந்து செய்கிறது என்ற குறிப்பும் இருக்கிறது. தேடி வருகிறவர் எதிர்பார்க்கும் இடத்திலேயே பக்கம். அது ஏன் வேறுபட்டது என்பதும் அங்கேயே. அப்போது உள்ளமைந்தவை மிகச் சில. அதனால் அது எளிதாகவும் இருந்தது. ஷெல் வளர வளர, உள்ளமைந்த கட்டளைகள் பெருகப் பெருக, அவை தம் பக்கங்களை இழந்து ஷெல்லின் ஒரே நீண்ட பக்கத்துக்குள் குடியேறின. பாஷின் ‘மேன்’ பக்கத்தில் ‘ரீட்’ என்று தேடிப்பாருங்கள். ‘ரீட்லைன்’, ‘ரீட்ஒன்லி’, ‘ஆல்ரெடி’ என்று அந்த எழுத்துகள் வருமிடமெல்லாம் நின்று நின்று, கட்டளையை அடைவதற்குள் எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிடும்.

பாஷின் இன்னொரு ஆவணமான விரிவான கையேடு வேறு வழியில் போகிறது. அங்கே முதன்மையான பிரிவுகள் வரலாற்றைப் பின்பற்றியவை: 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த போர்ன் ஷெல்லிலிருந்து பெற்றவை ஒரு பகுதி; பாஷ் தானே சேர்த்தவையும் விரித்தவையும் இன்னொரு பகுதி; அளவில் பெரிய ‘செட்’டும் ‘ஷாப்ட்’டும் தனியே; போசிக்ஸ் தரநிலை ‘சிறப்பு’ என்று வகுத்தவை தனியே. பின்னணிப் பணிகளுக்கான ‘ஜாப்ஸ்’, ‘எஃப்ஜி’, ‘வெயிட்’ முதலியவை பணிக் கட்டுப்பாடு பற்றிய அத்தியாயத்திலும், ‘ஹிஸ்டரி’ வரலாறு பற்றிய அத்தியாயத்திலும் இருக்கின்றன. இதை வகுத்தவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஒரு நிரலை வேறு ஷெல்லுக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு, எது பொதுச் சொத்து, எது பாஷின் தனிச் சொத்து என்பது முதல் கேள்வி. அவருக்கு இந்த அமைப்பு மிகப் பொருத்தம். ஆனால் ‘ரீட்’ என்ன செய்யும் என்று தேடி வரும் முதலாண்டு மாணவர், அது எந்த ஷெல்லின் பாரம்பரியம் என்று தெரிந்துகொண்டா வருவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘ரீட்’டில் புதியவர்கள் மிகுதியாக இடறுமிடம் ‘ரீட்’டின் விளக்கத்தில் இல்லை. ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி வழியாக ‘ரீட்’டுக்கு அனுப்பினால், வாங்கிய மதிப்பு அடுத்த வரியில் காணாமற்போகும். குழாயின் ஒவ்வொரு பகுதியையும் பாஷ் இயல்பாக ஒரு சேய் ஷெல்லில் இயக்குவதே காரணம். அரை நூற்றாண்டுக்கு முன் கோப்புறை மாற்றும் கட்டளைக்கு நேர்ந்த அதே கதி. இது குழாய்களைப் பற்றிய பகுதியில் சொல்லப்பட்டிருக்கிறது. மதிப்பைத் தொலைத்துவிட்டு நிற்பவர் ‘ரீட்’டைத்தான் தேடுவார், குழாயைச் சந்தேகிக்கமாட்டார்.

என் முதல் திருத்த முயற்சி, பணிவாரியாக அடுக்குவது: படித்தல், எழுதுதல், இடம் மாறுதல், நிரலைக் கட்டுப்படுத்துதல் என்று. இரண்டு வாரம் உழைத்துக் கைவிட்டேன். ‘செட்’ கட்டளையை எங்கே வைப்பது? ஒன்றும் கொடுக்காமல் தட்டினால் மாறிகளை எல்லாம் காட்டும். குறி கொடுத்தால் ஷெல்லின் நடத்தையை மாற்றும். சொற்களைக் கொடுத்தால் நிரலுக்கு வந்த உள்ளீடுகளையே மாற்றி எழுதும். மூன்றுக்கும் ஒன்றோடொன்று உறவு இல்லை. ‘எக்ஸெக்’ ஒருமுறை ஷெல்லையே இன்னொரு நிரலாக மாற்றும், இன்னொருமுறை கோப்புகளைத் திசைதிருப்புவதோடு நின்றுகொள்ளும். ஒரே கட்டளையை மூன்றிடத்தில் எழுதினால் மூன்றையும் ஒத்தபடி வைத்திருக்க வேண்டும். பாஷுக்கே அந்தச் சுமை உண்டு: ‘ஹெல்ப்’ என்று தட்டினால் வருவது, ‘மேன்’ பக்கம், விரிவான கையேடு ஆகிய மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டவை. அவற்றுள் ‘ஹெல்ப்’ வாசகம் மட்டும் அந்தந்தக் கட்டளையின் மூலநிரலோடு ஒரே கோப்பில் வாழ்கிறது. நிரலைத் தொகுக்கும்போது இரண்டையும் பிரித்தெடுக்கிறார்கள். நிரலைத் திருத்துகிறவர் கண்ணில் விளக்கமும் படும். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்த நாள்களில் விடுமுறைக்கு மதுரைக்குப் போனபோது, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் இந்தப் புலம்பலைக் கொட்டினேன். அவருக்கு ஷெல்லும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. திவாகர நிகண்டு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுதிகள் என்றேன். ‘மொத்தம் பன்னிரண்டு. பதினோராவது என்ன?’ என்றார். எனக்கு நினைவில்லை. ஒருசொல் பல்பொருட்பெயர்த் தொகுதி என்றார். ஒரே சொல் பல பொருளுக்கு வரும் இடங்களைத் தொகுத்தவர் அவற்றைப் பத்துத் தொகுதிகளுக்குள் சிதறவிடாமல், அதற்கென ஒரு வீடு கட்டிவைத்திருக்கிறார். நிகண்டு மனப்பாடம் செய்வோருக்கானது, தேடுவோருக்கானதன்று என்றும் சொன்னார். தேடுவோருக்கு வேறு ஒழுங்கு வேண்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்தது அதனால்தான் என்பது பெரியப்பாவின் கருத்து: நான்கு வகைக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான்கு வாசல்.

‘எக்கோ’ ஒருசொல் பல்பொருள். என் 38 பக்கங்களில் அந்தத் தொகுதி இல்லை.

புனேவுக்குத் திரும்பியதும், கட்டளை என்ன செய்கிறது என்பதைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, அது ஏன் ஷெல்லுக்குள் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்கத் தொடங்கினேன். அந்த மாணவரும் சேர்ந்துகொண்டார். பாதிப் பட்டியல் அவருடையது. சில கட்டளைகள் உள்ளே இருந்தே ஆக வேண்டும். ஷெல்லின் நிலையையே மாற்றுபவை என்பதால் சேய் நிரலால் அவற்றைச் செய்யமுடியாது. ‘சிடி’, ‘எக்ஸ்போர்ட்’, ‘யூமாஸ்க்’, ‘யூலிமிட்’, ‘ரீட்’, ‘ட்ராப்’, ‘எக்ஸிட்’ இவ்வகை. சில விரைவுக்காக உள்ளே வந்தவை; வெளியேயும் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும். ‘எக்கோ’, ‘பிரிண்ட்எஃப்’, ‘டெஸ்ட்’. ஆபத்து முழுவதும் இங்கேதான்: இரட்டையர் இருவரும் ஒன்றுபோலவே இருப்பார்கள், ஏதோ ஒரு குறியில் மட்டும் வேறுபடுவார்கள். ஷெல்லைப் பற்றியே பேசுபவை இன்னும் சில. ‘ஹெல்ப்’, ‘டைப்’, ‘ஏலியாஸ்’, ‘ஹிஸ்டரி’ போன்றவை.

‘கில்’ எங்களைப் பாடுபடுத்தியது. அதற்கு வெளியே ஒரு கோப்பு உண்டு. ஆயினும் விரைவுக்காக உள்ளே வந்ததாகத் தோன்றவில்லை. ‘ஹெல்ப் கில்’ என்று தட்டினோம். காரணத்தை அதுவே சொல்கிறது: பின்னணிப் பணிகளை அவற்றின் பணியெண்ணால் குறிப்பிடலாம், தவிர, இனி ஒரு நிரலைக்கூடப் பிறப்பிக்க முடியாத அளவுக்கு எல்லை நிரம்பிவிட்டபோதும் ஒன்றை நிறுத்தமுடியும். வெளிக்கட்டளையாக இருந்தால், நிறுத்துவதற்கே ஒரு புதிய நிரல் பிறக்கவேண்டியிருக்கும். ஓர் உதவி வாசகம் தன் கட்டளை ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வதை நான் அங்கேதான் கண்டேன். எங்கள் கையேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் இப்போது அந்த வாசகத்தைப் பின்பற்றுகிறது: இது யாருடையது, ஏன் அவருடையது. என்ன செய்யும் என்பது இரண்டாம் வரி.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு பாடம். எந்தப் பெயரைக் கண்டாலும் ‘டைப்’ என்ற கட்டளையோடு சிறுகோடும் ‘ஏ’யும் சேர்த்து அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ‘எக்கோ’வைக் கொடுத்தால் முதலில் ஷெல்லின் உள்ளமைந்த கட்டளை என்றும், பிறகு வட்டில் இருக்கும் கோப்பின் முகவரியும் வரும். முதலில் வருவதுதான் இயங்கும். உள்ளமைந்தது என்றால் ‘ஹெல்ப்’, கோப்பு என்றால் ‘மேன்’. இந்த ஒரு பக்கம் அன்று கையில் இருந்திருந்தால் அவர் இரண்டு நாள் சி மொழியோடு போராடியிருக்கமாட்டார். ‘எக்கோ’வின் பக்கத்தில் நான்கு வரிகளே உள்ளன. குறிகளும் பின்சாய்கோடும் வருமிடத்தில் இது என்ன செய்யும் என்பதைப் போசிக்ஸ் அந்தந்த ஷெல்லின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது என்றும், தரவை எழுத ‘பிரிண்ட்எஃப்’பைப் பயன்படுத்துக என்றும். இந்த எச்சரிக்கை பக்கத்தின் தலையில் இருக்கிறது.

அகரவரிசையை நான் கைவிடவில்லை. பெயர் தெரிந்து வருகிறவருக்கு அதைப்போல நல்ல வாசல் வேறில்லை. அதைப் பின்னட்டைக்கு முந்தைய இரண்டு பக்கங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் உள்ளே மட்டுமா, இருபுறமுமா, வெளியே மட்டுமா என்று ஒரு குறி. கையேடு 38 பக்கத்திலிருந்து 51 ஆகிவிட்டது. நெறியாளர் நீளம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘ஷாப்ட்’ பற்றிய மூன்று பக்கங்கள் எங்கள் மாணவர் எவருக்கும் தேவைப்படப் போவதில்லை.

போன வாரம் அச்சுக்கு அனுப்பும் முன் அந்த மாணவரிடம் கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொன்னேன். இப்போது அவர் இரண்டாம் ஆண்டு. கேட்பதற்கு முன் ஒருமுறைதான் யோசிக்கிறார். மறுநாள் காலை என் மேசையில் கையேடு இருந்தது, 23ஆம் பக்கம் மடிக்கப்பட்டு. ஒரு நிரல் ஓட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கும் ‘டைம்’ கட்டளையை, வெளியேயும் அதே பெயரில் ஒரு கோப்பு இருப்பதால், ‘எக்கோ’வோடும் ‘டெஸ்ட்’டோடும் இரட்டையர் பகுதியில் வைத்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘தீதி, டைப் போட்டுப் பார்த்தீர்களா?’

போட்டேன். பாஷில் ‘டைம்’ உள்ளமைந்த கட்டளை அன்று. ‘இஃப்’, ‘ஃபார்’ போல மொழியின் ஒதுக்கப்பட்ட சொல். ‘மேன் டைம்’ சொல்லும் ‘வி’ குறியை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். அந்தக் குறியையே ஒரு கட்டளையாக எண்ணித் தேடிவிட்டு, அப்படியொரு கட்டளை இல்லை என்றது. ஆனால் ‘ஹெல்ப்’ தன் பட்டியலில் ‘டைம்’மையும் ‘இஃப்’பையும் கட்டளைகளோடு கட்டளைகளாகவே வைத்திருக்கிறது. என் மூன்று பிரிவுகளில் இதற்கு இடமில்லை. அச்சகத்தில் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.